மருந்துத் துண்டை எறியாதீர்கள்: கம்பனிமேல் முறைப்பாட்டுக்குக் கோப்புக் கட்டும் விதம்

வலி மருந்துக்கு அடிமைப்பட்டுப்போன ஒருவரின் வீட்டார் வந்து, "மிஸ், இந்தக் குளிசை செய்த கம்பனிமேல கேஸ் போடலாமா?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது: டொக்டர் எழுதின துண்டு இருக்கிறதா? அநேகமாக இராது. குளிசை வந்த காட்? அது எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். பில்? பாமசியில் பில் கேட்டு வாங்குகிற பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது!

நான் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணி. அப்பா கொட்டாஞ்சேனையில் பாமசி நடத்தினார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கவுண்டருக்குப் பின்னால் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்வேன். அதனால் மருந்துக்கடைக் காகிதமும் தெரியும், நீதிமன்றக் காகிதமும் தெரியும். இப்படியொரு முறைப்பாட்டுக்கான கோப்பை நீங்களே எப்படிக் கட்டத் தொடங்கலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். சட்டத்தரணியிடம் போவது அதற்கு அடுத்த வேலை.

அதற்குமுன் அமெரிக்காவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே அபின் வகை வலி மருந்துகளால் இலட்சக்கணக்கானோர் இறந்தார்கள். ஆனாலும் கம்பனிகள் மாட்டியது சாவின் எண்ணிக்கையால் அல்ல, அவர்களே எழுதி வைத்த காகிதங்களால். நம் கோப்பையும் அந்தக் கண்ணோடுதான் கட்ட வேண்டும்.

அங்கே பிடிபட்டது எப்படி

பேர்டூ ஃபார்மா என்ற அமெரிக்க மருந்துக் கம்பனி ஒக்ஸிகொன்டினைச் சந்தைக்கு விட்டது 1996இல். அபின் வகையைச் சேர்ந்த வலி நிவாரணி. மருந்து உடலில் மெதுவாகச் சேர்வதால் துஷ்பிரயோக ஆபத்து குறையும் என்று "நம்பப்படுகிறது" என்ற கருத்தில் ஒரு வரி, அங்கீகாரம் பெற்ற மருந்துக் குறிப்பிலேயே இருந்தது. நம்பப்படுகிறதாம்! யார் நம்பினார்கள், எந்த ஆய்வை வைத்து? அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு விற்பனைப் பிரதிநிதிகள் டொக்டர்மாரின் அறைகளுக்குப் போனார்கள். 2007இல் வேர்ஜினியாவின் அபிங்டன் நீதிமன்றத்தில், அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதைப் பேர்டூவின் சகோதரக் கம்பனி குற்றமாக ஒப்புக்கொண்டது. தண்டமும் நட்டஈடுமாக ஏறத்தாழ 60 கோடி டொலர். மூன்று உயர் அதிகாரிகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. 2020இல் பேர்டூ மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதல் தண்டனை எவ்வளவு தூரம் உறைத்தது என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இன்சிஸ் கதை வேறு. புற்றுநோயாளரின் கடும் வலிக்கென்று ஃபென்டனில் ஸ்பிரே விற்ற கம்பனி அது. உரை நிகழ்த்தும் கட்டணம் என்ற பெயரில் டொக்டர்மாருக்குக் காசு போனது. அதற்குக் கணக்கு இருந்தது, மின்னஞ்சல் இருந்தது. நிறுவனர் ஜோன் கபூர் 2019இல் பொஸ்டனில் குற்றவாளியானார், அடுத்த ஆண்டு 66 மாதச் சிறை கிடைத்தது. வழக்கமாகத் தண்டப்பணத்தோடு முடிகிற இடத்தில் ஒரு முதலாளியே உள்ளே போனதற்குக் காரணம் அந்தக் கணக்குத்தான்.

மூன்றாவது, குளிசை போன பாதை. 2006 முதல் 2012 வரை அமெரிக்கா முழுவதும் 7,600 கோடி வலிக் குளிசைகள் அனுப்பப்பட்ட பதிவு அரசாங்கத்திடம் இருந்தது. பத்திரிகைகள் நீதிமன்றம் வரை போய்த்தான் 2019இல் அது வெளியே வந்தது. மேற்கு வேர்ஜினியாவில் கேர்மிட் என்று ஒரு சிற்றூர். ஏறத்தாழ 400 பேர் வாழும் இடத்தில் ஒரு பாமசிக்கு இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 90 இலட்சம் குளிசைகள். அனுப்பியவர்கள் அந்த எண்ணிக்கையைப் பார்க்காமலா அனுப்பினார்கள்? மூன்று பெரிய விநியோகஸ்தர்களும், வலி மருந்து செய்த ஜோன்சன் அன்ட் ஜோன்சனும் சேர்ந்து 2,600 கோடி டொலர் வரை தருவதாக 2022இல் இறுதி இணக்கத்துக்கு வந்தார்கள்.

தோற்ற வழக்கும் உண்டு, அதைத்தான் நான் இளம் சட்டத்தரணிகளுக்கு அதிகம் சொல்வது. ஒக்லஹோமா மாநிலம் 2019இல் ஜோன்சன் அன்ட் ஜோன்சனுக்கு எதிராக 57 கோடி டொலருக்கு மேல் தீர்ப்பு வாங்கியது. பின்னர் அது 46.5 கோடியாகக் குறைந்தது. 2021இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் முழுவதையும் தள்ளிவிட்டது. பொதுமக்களுக்கு இடையூறு செய்தவரைப் பிடிக்கும் "பொதுத் தொல்லை" என்ற சட்டக் கோட்பாட்டை, ஒரு பொருளைச் செய்து விற்றதற்குப் பொருத்த முடியாது என்றது தீர்ப்பு. கையில் எவ்வளவு சான்று இருந்தாலும் எந்தச் சட்டத்தில் மாட்டுகிறோம் என்பது சரியாக இருக்க வேண்டும்.

ஆக, கோப்பு நான்கு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். கம்பனிக்கு என்ன தெரிந்திருந்தது, நோயாளியிடமும் டொக்டரிடமும் என்ன சொன்னது, யாருக்குக் காசு கொடுத்தது, குளிசை எந்த வழியாக வந்தது. முதலாவதும் மூன்றாவதும் உங்கள் கைக்கு எட்டாதவை, அவை நீதிமன்றக் கட்டளையால்தான் வரும். இரண்டாவதும் நான்காவதும் உங்கள் வீட்டு லாச்சியிலேயே இருக்கலாம்.

லாச்சியிலிருந்து தொடங்குங்கள்

கொழும்பில் என்னிடம் வரும் பைகளில் ட்ரமடோல் இருக்கும், பிரிகபலின் இருக்கும். ட்ரமடோல் அபின் வகை. பிரிகபலின் அப்படியல்ல, நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுப்பது. ஆனால் பொலிஸார் பிடிக்கிற செய்திகளில் அதன் பெயர் இப்போது அடிக்கடி வருகிறது. அதற்கும் ஒரு கம்பனி வரலாறு உண்டு. பிரிகபலினை லிரிக்கா என்ற பெயரில் விற்ற ஃபைசர், லிரிக்கா உட்பட நான்கு மருந்துகளை அங்கீகரிக்கப்படாத பயன்பாடுகளுக்கு விற்பனை செய்த குற்றச்சாட்டுகளைத் தீர்க்க 2009இல் 230 கோடி டொலர் கட்டியது. நம் கையில் இருப்பது பெரும்பாலும் வேறு கம்பனிகள் செய்த அதே மருந்து. ஃபைசரின் பழைய கதையை வைத்து அந்தக் கம்பனிகளைப் பிடிக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இப்போது காட். பாமசியில் பத்துக் குளிசைக் காட்டில் ஆறு கேட்டால் என்ன நடக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். தொகுதி எண்ணும் காலாவதித் திகதியும் காட்டின் ஓரத்தில்தான் அழுத்தி அடித்திருக்கும். அப்பா எப்போதும் எண் இல்லாத பக்கத்திலிருந்தே வெட்டுவார். மிச்சம் கடையில் இருக்கும், அதில் எண் இருந்தாக வேண்டும், அது சரியான வேலைதான். ஆனால் உங்கள் கைக்கு வருவது பெயர் பாதி வெட்டுப்பட்ட ஆறு குளிசையும், "காலை 1, இரவு 1" என்று பேனையால் எழுதின ஒரு சின்னக் கடதாசி உறையும். அந்தக் குளிசையைச் செய்தது யார் என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது.

அதனால் தொடர்ந்து எடுக்கிற மருந்தென்றால், துண்டில் எழுதியிருக்கும் அளவுக்குள் முழுக் காட்டாக வாங்குங்கள். முடியாவிட்டால் கடைக்காரரிடம் கேட்டு, மிச்சக் காட்டின் ஓரத்தை அங்கேயே தொலைபேசியில் படம் எடுங்கள். பெட்டியையும் எடுங்கள், இறக்குமதியாளரின் பெயர் அதில்தான் இருக்கும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள் கிடைத்தால் தங்கம் கிடைத்த மாதிரி. கம்பனி "என்ன சொன்னது" என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது. பில்லில் மருந்தின் பெயரும் திகதியும் இருக்கட்டும். வெறும் தொகை எழுதின பில் வேண்டாம். "அவசரமா அக்கா, பின்னால ஆள் நிக்குது" என்பார்கள். நிற்கட்டும்.

துண்டைக் கடைக்காரர் வைத்துக்கொண்டால் முன்கூட்டியே படம் எடுத்திருக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் கிளினிக் கொப்பி, வார்ட்டில் இருந்திருந்தால் டயக்னோசிஸ் காட், இரண்டிலும் போட்டோ கொப்பி. வார்ட்டின் படுக்கைப் பதிவேடு, அதாவது பெட் ஹெட் டிக்கெட், ஆஸ்பத்திரியிடமே இருக்கும். நோயாளியின் கையொப்பத்தோடு பணிப்பாளருக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

துண்டு ஏன் இவ்வளவு முக்கியம்? பேர்டூவையே பாருங்கள். அதன் உரிமையாளர்களான சக்லர் குடும்பத்துக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கொடுத்த முந்தைய இணக்கத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் 5க்கு 4 என்று தள்ளியது. பிறகு 740 கோடி டொலர் வரை போகும் புதிய திட்டம் வந்தது, 2025 நவம்பரில் நீதிபதி அங்கீகாரம் கொடுத்தார். அதிலும் தனியாட்களுக்கு வருகிற பங்கு, தங்களுக்கு அந்த மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டது என்று காட்ட முடிந்தவர்களுக்குத்தான். இருபது வருடத்துக்கு முந்தைய துண்டை வைத்திருப்பது யார்?

அடுத்து ஒரு ஒற்றைக் கோட்டுக் கொப்பி எடுத்துத் திகதி வாரியாக எழுதுங்கள். எப்போது வலி தொடங்கியது, யார் எந்த அளவில் எழுதினார், அளவு எப்போது கூடியது, எப்போது முதன்முதலாகத் துண்டில்லாமல் வாங்கினார். கடைசியாகச் சொன்னதை மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு எப்படியும் அதைத் தோண்டி எடுக்கும், உங்கள் சட்டத்தரணி அதை முதன்முதலாக நீதிமன்றத்தில் கேட்கக் கூடாது. டொக்டரோ பாமசியோ "இது பழக்கமாகாது" என்று சொல்லியிருந்தால், சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். உங்கள் கோபத்தை வேறு தாளில் எழுதலாம்.

இதற்குள் இரண்டு எச்சரிக்கை. கோப்புக் கட்டுவதற்காக மருந்தைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள், அளவைக் குறைப்பது டொக்டர் சொல்கிறபடிதான். மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, எழுப்பினாலும் எழும்பாவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸ். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. இன்னொன்று, மஹரகம ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மோர்பின் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இந்தக் கட்டுரையைக் காட்டி அதை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். கடைசிக் கால வலிக்கு அது தேவை. குற்றம் மோர்பினில் இல்லை.

குளிசைகளைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலையவும் வேண்டாம். துண்டில்லாமல் சில மருந்துகள் கையில் இருப்பதே 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தில் குற்றமாகலாம். படம் போதும்.

எங்கே எழுதுவது

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மருந்தைப் பதிவதும் பதிவை நிறுத்துவதும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் வேலை. நொரிஸ் கெனல் வீதியில் இருக்கிறது. மருத்துவ சபையும் அதே வீதிதான். மருந்தைப் பற்றிய முறைப்பாடு முதலாவதற்கு, எழுதிய டொக்டரைப் பற்றியது இரண்டாவதற்கு. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்தால் இரண்டு இடத்திலும் "இது எங்களுடையது இல்லை" என்று திருப்பிவிடுவார்கள்.

தமிழில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. மருந்தின் பெயர், கம்பனி, தொகுதி எண் இவற்றை மட்டும் காட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் பார்த்து எழுதுங்கள். மருந்தின் பாதக விளைவாக இதைப் பதிவுசெய்யும்படி உங்கள் டொக்டரையும் கேளுங்கள். அந்த அறிக்கை ஒன்று பதிவானால், "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் சீலும் திகதியும் வாங்குங்கள். சீல் வைக்கிறவர் தேநீருக்குப் போயிருந்தால் காத்திருங்கள். சீல் இல்லாத பிரதியால் எனக்குப் பிரயோசனம் இல்லை.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். இதை நம்மவர்கள் காணிக்கும் வீதிக்கும் பயன்படுத்துகிறார்கள், மருந்துக்குப் பயன்படுத்துவது குறைவு. அதிகாரசபையின் தகவல் அலுவலரிடம் இப்படிக் கேட்கலாம்: இந்த மருந்தின் பதிவை வைத்திருப்பவர் யார், எப்போது பதிவானது, அங்கீகரிக்கப்பட்ட மருந்துக் குறிப்பின் பிரதி, கடந்த ஐந்து வருடங்களில் இறக்குமதிக்கு அனுமதித்த அளவு ஆண்டு வாரியாக, கிடைத்த பாதக விளைவு அறிக்கைகளின் எண்ணிக்கை. ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். வர்த்தக இரகசியம் என்று மறுக்கலாம். அப்போது, பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற 5(4)ஆம் பிரிவைக் காட்டிக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அமெரிக்காவின் 7,600 கோடிக் குளிசைப் பதிவு வெளியே வந்ததும் பத்திரிகைகள் விடாமல் கேட்டதால்தான்.

தெருவில் வாங்கின குளிசை என்றால் கம்பனியைத் தொடுவது மிகவும் கடினம். ஆனாலும் முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. பொலிஸ் பிடித்த காட்டில் தொகுதி எண் இருந்தால், அதைக் கொண்டுவந்தது யார், எந்தக் கடைக்கு விற்றது என்று பின்னோக்கிப் போக வழி உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் ஆஜராகும் சட்டத்தரணியிடம், பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் பி அறிக்கையில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "இத்தனை குளிசை" என்று மட்டும் எழுதிவிட்டால் பாதை அங்கேயே அறுந்துவிடும்.

வழக்கு என்று வந்தால்

ஆயிரக்கணக்கான வழக்குகளை ஒரே நீதிபதியின் முன் சேர்த்து நடத்துகிற அமெரிக்காவின் கிளீவ்லன்ட் ஏற்பாடு நமக்கு இல்லை. தனித்தனியாக மாவட்ட நீதிமன்றத்தில், ரோமன்-டச்சுத் தீங்கியல் சட்டத்தின்கீழ், நட்டஈட்டு வழக்கு. காலவரையறை இரண்டு வருடம், 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்வது. ஆள் போய் முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம், அதற்கடுத்த திவசம் என்று பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. அரசாங்க அதிகாரசபையின் செயலை அடிப்படை உரிமை மீறலாக உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதானால் ஒரு மாதம்தான்.

என்ன நிரூபிக்க வேண்டும் என்பதற்குக் குழந்தை வைத்திய நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான வழக்கை எல்லாரும் காட்டுவார்கள். குழந்தையை இழந்த தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் ஒன்றும் இல்லை என்றது. கவனக்குறைவு மட்டும் போதாது, அதனால்தான் இழப்பு நேர்ந்தது என்றும் காட்ட வேண்டும். துயரத்துக்கு விலை இல்லை, பண இழப்புக்கே நட்டஈடு என்றும் அந்தத் தீர்ப்புச் சொன்னது. எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. ஒருவர் இறந்துபோனால் அவரது பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்கும் நெருங்கிய உறவினர் நட்டஈடு கேட்க 2019இல் தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் பண இழப்பைக் காகிதத்தால் காட்டியாக வேண்டும். ஆகவே சம்பளத் துண்டு, வேலை போன கடிதம், தனியார் ஆஸ்பத்திரி பில், புனர்வாழ்வு நிலையத்துக்குக் கட்டிய பற்றுச்சீட்டு, முச்சக்கரவண்டிக் காசு வரை கோப்பில் போடுங்கள்.

யார்மேல் போடுவது? செய்த கம்பனி வெளிநாட்டில் இருக்கும், அழைப்பாணை போய்ச் சேரவே காலம் எடுக்கும். கொழும்பில் அலுவலகம் வைத்திருக்கும் இறக்குமதியாளரை முதலாம் பிரதிவாதியாகப் போடுவதுதான் என் பழக்கம். கம்பனியின் கடிதங்கள் முதலில் அவர்களுக்குத்தானே வந்திருக்கும். பிரதிநிதிகளுக்குக் கொடுத்த விற்பனைக் கையேடு, டொக்டர்மாருக்குச் செய்த செலவு, எச்சரிக்கைக் கடிதங்கள் இவற்றை வெளிப்படுத்தும்படி நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்று தெரியாத சட்டத்தரணி, கலிபோர்னியா சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகமும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸும் 2021இல் திறந்த அபின் மருந்துத் தொழில்துறை ஆவணக் காப்பகத்தை ஒரு மாலை பார்த்தால் போதும். வழக்குகளில் வெளிவந்த உள்காகிதங்கள் அங்கே இலவசமாகக் கிடக்கின்றன. மாதிரி அங்கிருந்து எடுக்கலாம்.

காசு இல்லாதவர்களுக்குப் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானச் சான்றோடு காலையிலேயே போங்கள், பத்து மணிக்குப் பிறகு வரிசை நீளும்.

வெளிநாட்டு உறவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலிருந்து அண்ணன் போன் பண்ணி, "பேர்டூ காசு குடுக்குதாம், நீங்களும் எழுதிப் போடுங்கோ" என்கிறார். பேர்டூ திவால் வழக்கில் கோரிக்கை பதியும் கடைசி நாள் 2020 ஜூலை 30. கனடாவில் 2022இல் பேர்டூ கனடா ஒப்புக்கொண்ட 15 கோடி டொலர், அரசாங்கங்களின் சுகாதாரச் செலவுக்கு. அதற்குப் பின் 2024 நவம்பரில் கனேடிய உச்ச நீதிமன்றம், எல்லா அரசாங்கங்களுக்காகவும் பிரிட்டிஷ் கொலம்பியா நடத்தும் கூட்டு வழக்குக்கு வழிவிட்டதும் அப்படித்தான். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அதில் சேர முடியாது. பங்கு வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று யாராவது வட்ஸ்அப்பில் கேட்டால், அந்த எண்ணைத் தடுத்துவிட்டுப் பொலிஸின் கணினிக் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.